அவர்களுக்குத் தெரியாமல் இல்லை

தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களின் உடல்நிலை பற்றி எங்கே பேச்செடுத்தாலும் அது ஒரே தீர்ப்பில்தான் வந்து நிற்கிறது: “அவங்களுக்கு விழிப்புணர்வு இல்லை.” கூட்டங்களில் அதிகாரிகள் இதைச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரிகளில் மருத்துவர்கள் சொல்கிறார்கள். உப்பள முதலாளிகள் சொல்கிறார்கள். பெண்கள்மேல் உண்மையான அக்கறை உள்ள தொண்டு நிறுவனத்தாரும் சொல்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை, மாத்திரை சும்மா கிடைக்கிறது, போய்வர டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, பெரிய வைத்தியம் என்றால் காப்பீடு இருக்கிறது. இத்தனை இருந்தும் நோய் முற்றிய பிறகுதான் வருகிறார்கள் என்றால் குறை அவர்களிடம்தானே என்பது இவர்கள் வாதம். கேட்க நியாயம்போல் இருக்கும் இந்த வாதம் அடியோடு தவறு. அது தீங்கும் செய்கிறது. குற்றத்தை நோயாளியின் தலையில் ஏற்றிவிட்டு, பொறுப்பாக வேண்டிய எல்லோரையும் அது விடுவித்துவிடுகிறது.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொள்வோம். தமிழ்நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பு நாட்டின் பல மாநிலங்களைவிட மேலானது. தூத்துக்குடியில் 2000-ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டு வாசலில் மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கி, ஐ.நா.வின் விருதுவரை பெற்றது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய்வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. இவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால், இவ்வளவு நல்ல அமைப்பின் பக்கத்திலேயே வாழும் பெண்கள் அதன் வாசலை மிதிக்கத் தாமதிக்கிறார்கள் என்றால், அவர்களை வாசல்வரை வரவிடாமல் தடுப்பது எது என்றுதான் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி எழும் முன்பே “விழிப்புணர்வு இல்லை” என்ற பதில் வந்து வாயை அடைத்துவிடுகிறது.

முத்து நகர் என்று பெயர் வாங்கிய ஊர் இது. தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அதன் பிறகு இந்தக் கரையை ஊர் உலகுக்குக் காட்டுவது உப்பு. வேப்பலோடை, தருவைக்குளத்தில் தொடங்கி முள்ளக்காடு, பழையகாயல், ஆறுமுகநேரிவரை சுமார் 25,000 ஏக்கரில் உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. இந்திய உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் தமிழகம் நிற்பது முக்கியமாக இந்தக் கரையால்தான். மழை ஓய்ந்து தை, மாசியில் பாத்தியைச் செப்பனிட்டு மிதிப்பதில் தொடங்குகிற வேலை, ஐப்பசி மழை இறங்கும்வரை நடக்கிறது. இதில் பாதி முதுகு பெண்களுடையது. சேற்றை மிதித்துக் கெட்டிப்படுத்துவது, விளைந்த உப்பை வாரி வரப்பில் சேர்ப்பது, கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவது எல்லாம் அவர்கள் கைவேலை. சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் சும்மாடு, காலில் கிழிந்த சாக்ஸ்: பெரும்பாலோருக்குப் பாதுகாப்புக் கவசம் என்றிருப்பது இவ்வளவுதான்.

அவர்களுக்கு என்ன தெரியாது என்கிறோம்? தண்ணீர் குடிக்காவிட்டால் நீர்க்கடுப்பு வரும் என்பது தெரியாதா? அளத்துக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணும் காலையில் புறப்படும்போதே ஒரு கணக்குப் போட்டுவிடுகிறாள். கையில் இருப்பது ஒரு பாட்டில் தண்ணீர். அதை ஒன்பது மணிக்குள் குடித்துவிட்டால் பத்து மணிக்கு ஒதுங்கப் போக வேண்டும். எங்கே போவது? கண்ணுக்கெட்டிய தூரம்வரை தட்டையான வெள்ளை வெளி. மரமில்லை, மறைவில்லை. உடைமரப் புதர் இருக்கிற இடம் தொலைவில். வழியில் லாரிக்காரர்கள், சுமை ஏற்றும் ஆண்கள். போய்த் திரும்பும் நேரத்தில் கங்காணியின் குரல் எழும். ஆகவே நாக்கை நனைத்துக்கொள்கிறாள். வயிறு நிறையக் குடிப்பதில்லை. வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்கிறாள். மாதவிடாய் நாட்களில் துணி மாற்ற வழியில்லாமல், உப்புத் தண்ணீரில் நனைந்த துணியோடு அத்தனை மணி நேரமும் நிற்கிறாள். தொடையிடுக்கு புண்ணாகும் என்பது அவளுக்கு எந்தத் துண்டறிக்கையும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

“சூடு பிடிச்சிருக்கு” என்று சொல்லி வெந்தயத்தை ஊறவைத்துக் குடிப்பவள், பார்லி கஞ்சி காய்ச்சுபவள், காசிருந்தால் இளநீர் வாங்குபவள் தன் உடம்பை அறியாதவள் ஆக முடியாது. அவள் முன்னால் இரண்டு கேடுகள் இருக்கின்றன. ஒன்று உடம்புக்கு, இன்னொன்று மானத்துக்கும் கூலிக்கும். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, தாங்க முடிந்தது என்று தோன்றுவதைத் தேர்ந்தெடுக்கிறாள். இந்த நிலையில் அவளை நிறுத்தியவர்கள் அவளுக்கே அறியாமைப் பட்டம் கட்டுவது அநியாயம்.

சிறுநீரை அடக்கினால் கிருமி பெருகித் தொற்று வரும். தண்ணீர் போதாத உடம்பு வெயிலில் உழைத்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். ஒருநாள் நடந்தால் உடம்பு தேறிவிடும். மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் தினமும் நடந்தால் சிறுநீரகம் மெல்ல மெல்லத் தழும்பேறிப் போகும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழகத்து உப்பளத் தொழிலாளரை ஆராய்ந்து, வேலையிடத்து வெப்பத்தையும் சிறுநீரகச் செயல்பாட்டுக் குறைவையும் இணைத்துக் காட்டியிருக்கிறார்கள். உப்புப் பரப்பில் பட்டு எதிரொளிக்கும் வெயில் கண்ணைத் தாக்குகிறது. கெட்டிப்பட்ட உப்புநீர் கால் தோலை அரித்து வெடிப்பாக்குகிறது. தலைச்சுமை கழுத்தெலும்பையும் இடுப்பையும் தேய்க்கிறது. இவற்றில் ஒன்றுகூட அந்தப் பெண்ணின் பழக்கவழக்கத்தால் வந்ததில்லை; எல்லாம் வேலையிடம் தந்தவை.

நீர்க்கடுப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனால் மருத்துவர் மாத்திரை எழுதிவிட்டு, “நிறையத் தண்ணி குடிங்கம்மா, அடக்காதீங்க” என்கிறார். மருத்துவ நூலின்படி சரியான அறிவுரை. ஆனால் மறுநாள் காலை அவள் போய் நிற்கப்போவது அதே பாத்தியில். 1700-ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமஸ்ஸினி தொழில்நோய்கள் பற்றி நூல் எழுதி, நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு “நீ என்ன வேலை செய்கிறாய்?” என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னார். நெரிசல் மிகுந்த நம் ஓ.பி.யில் அந்தக் கேள்விக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. கேட்கப்படாததால் அது பதிவாவதில்லை. பதிவாகாததால் உப்பளத்து நோய்க்குக் கணக்கில்லை. கணக்கில்லாததால் அப்படி ஒரு நோயே இல்லை என்றாகிறது.

அடுத்த வாதம், “எல்லாம் இலவசம்தானே.” தினக்கூலிப் பெண்ணுக்கு இலவச வைத்தியம் என்று எதுவும் கிடையாது. வேலை தொடங்கும் நேரமும் ஓ.பி. திறக்கும் நேரமும் ஒன்றையொன்று விழுங்குகின்றன. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று எழுதிக் கொடுத்தால் இன்னொரு நாள். முடிவைக் காட்டி மருந்து வாங்க மற்றொரு நாள். மூன்று நாள் கூலி போவதோடு முடிவதில்லை. செட்டாக வேலை நடக்கும் அளத்தில், வராதவள் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிடுகிறாள். ஆண்டில் மழை மாதங்கள் முழுக்க வேலையே இல்லாத தொழிலில், வேலை கிடைக்கும் மாதங்களில் ஒவ்வொரு நாளும் அந்தக் குடும்பத்தின் கடனுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட நாள். 2021 மே மாதம் முதல் பெண்கள் டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாமல் போகலாம், நல்ல திட்டம். ஆனால் பஸ் கட்டணம் எப்போதும் இந்தச் செலவில் சின்னத் துண்டுதான். பெரிய துண்டு கூலி. அதை ஈடுகட்ட எந்தத் திட்டமும் இல்லை.

அதனால் அவள் போகிற இடம் மருந்துக்கடை. அது சாயந்திரம் திறந்திருக்கிறது, நிற்கவைப்பதில்லை, கேள்வி கேட்பதில்லை. இடுப்புவலிக்கும் கால்வலிக்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை இரண்டு வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் கூடையைத் தூக்குகிறாள். தண்ணீர் வற்றிய உடம்பில் இந்த வலி மாத்திரைகளே சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. ரொம்ப முடியாமல் போனால் தனியார் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்கிறாள். அரசு வைத்தியத்தை மதிக்கத் தெரியாததால் இவள் காசு செலவழிக்கிறாள் என்று சொல்கிறவர்கள், கடையில் கொடுக்கும் சிறு தொகையையும் ஆஸ்பத்திரி வரிசையில் இழக்கும் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். அவள் கணக்கு சரியாகவே இருக்கிறது.

நேரம்தான் தடை என்பது அரசுக்கும் தெரியாததல்ல. 2023 ஜூனில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தபோது, காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 என்று நேரம் வைத்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் மாலையில்தான் வர முடியும் என்று புரிந்துகொண்ட ஏற்பாடு இது. நகரத்துக் கூலிப் பெண்ணுக்குப் பொருந்தும் நியாயம் வேப்பலோடைப் பெண்ணுக்குப் பொருந்தாதா? நகரத்து வாசல் சாயந்திரம் திறந்தபோது அதை நல்ல நிர்வாகம் என்றோம். கிராமத்து வாசல் சாயந்திரம் மூடியிருப்பதை மட்டும் கிராமத்துப் பெண்ணின் அறியாமை என்கிறோம்.

முகாம்களுக்கு வருவோம். உப்பளப் பகுதிகளில் அவ்வப்போது மருத்துவ முகாம் நடக்கிறது, படம் வருகிறது, எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று செய்தி வருகிறது. ரத்தக் கொதிப்பைக் கண்டுபிடிக்க முகாம் உதவும். 2025 ஆகஸ்டில் தொடங்கிய நலம் காக்கும் ஸ்டாலின் முகாம்கள் பல பரிசோதனைகளை ஓரிடத்தில் செய்தன, அதுவும் நல்லதே. ஆனால் அவை நடந்தது சனிக்கிழமைகளில். மாதச் சம்பளக்காரருக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள், உப்பு வாருகிறவளுக்கு வேலை நாள். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. முகாம் நோயைக் கண்டுபிடித்துக் கையில் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடுகிறது. நோய் விளையும் இடம் அப்படியே இருக்கிறது. கழிப்பறையும் நிழலும் இல்லாத வேலையிடத்தின் பக்கத்தில் ஆயிரம் முகாம் போட்டாலும் அடுத்த ஆண்டும் அதே நோயோடு அதே பெண்கள் வந்து நிற்பார்கள்.

காப்பீடும் அப்படித்தான். சிறுநீரகம் செயலிழந்த பிறகு டயாலிசிஸுக்கு முதலமைச்சர் காப்பீடு பணம் கட்டுகிறது. உயிர்காக்கும் உதவி அது, சந்தேகமில்லை. ஆனால் வாரம் இரண்டு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடக்கும் பெண் மறுபடி அளத்துக்குப் போக முடியாது. கூடப் போகும் மகளின் கூலியும் போகும். பாத்திக் கரையில் ஒரு குடம் குடிநீருக்கும் ஒரு கழிப்பறைக்கும் செலவழிக்க மறுத்த சமுதாயம், அதைப்போல் பலமடங்கை டயாலிசிஸுக்குக் கொடுக்கிறது. கருணையாலும் சிக்கனத்தாலும் இதை நியாயப்படுத்த முடியாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. வெப்பம் கொல்லும் என்பதை அரசு ஒப்புக்கொண்டுவிட்டது. செத்த பிறகு தரும் ஈட்டுத்தொகையின் ஒரு பகுதியை, சாகாமல் இருக்க நிழலுக்கும் தண்ணீருக்கும் முன்னதாகச் செலவழிப்பதுதான் அந்த ஒப்புதலின் அடுத்த படி.

கர்ப்பிணிகள் விஷயத்தில் இந்த முரண் இன்னும் கொடியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய். கர்ப்பத்தைச் சீக்கிரம் பதிவு செய்து, பரிசோதனைகளுக்குத் தவறாமல் வருவோருக்குத் தவணைகளில் கிடைக்கிறது. பெண்கள் அதற்கு வருகிறார்கள். இழக்கும் கூலிக்கு ஏதோ ஓர் ஈடு இருக்கும்போது யாரும் அவர்களை இழுத்து வர வேண்டியிருக்கவில்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளலாம். ஆனால் பரிசோதனை முடிந்து அவள் திரும்பிப் போவது எங்கே? ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் 2017 முதல் தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் கடும் வெப்பத்தில் உழைத்த கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவு அபாயம் இரண்டு மடங்கு என்று 2024-இல் வெளியிட்டார்கள். மாதாந்தரப் பரிசோதனையில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கிறோம். பரிசோதனைக்கும் பரிசோதனைக்கும் இடைப்பட்ட நாட்களில் அந்தத் தாய் நிற்கும் வெயிலைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

“சட்டம் எல்லாம் இருக்கிறது, கேட்டுப் பெறத் தெரியவில்லை” என்பது இதே வாதத்தின் இன்னொரு முகம். சட்டம் இருக்கிறதுதான். அது யாருக்குத் தெரியும், யார் மறைத்தார்கள் என்று பார்ப்போம். பம்பாய் வடாலாவில் உப்பளம் நடத்திய அர்தேஷிர் பிவண்டிவாலா என்பவர், திறந்த வெளியில் வெயில் காய்ச்சி எடுக்கும் உப்புக்குத் தொழிற்சாலைச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம்வரை போனார். 1961-இல் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: கடல்நீரை உப்பாக்குவது உற்பத்திச் செயல், உப்பளமும் தொழிற்சாலையே. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி தொழிற்சாலையில் குடிநீர் இருந்தாக வேண்டியிருந்தது. பெண்களுக்குத் தனியாக, மறைப்போடு கூடிய கழிப்பறை இருந்தாக வேண்டியிருந்தது. முதலுதவிப் பெட்டி இருந்தாக வேண்டியிருந்தது. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் இருந்தாக வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. உப்பு வாரும் பெண்ணுக்கு இந்த வழக்கு தெரியாமல் இருக்கலாம். ஆய்வாளர்களுக்கும் தொழில்துறைக்கும் முதலாளிகளின் வக்கீல்களுக்கும் தெரியாதா?

நழுவும் வழி எண்ணிக்கையில் இருக்கிறது. பெரிய அளம் பல துண்டுகளாகக் குத்தகைக்கு விடப்படுகிறது. துண்டுக்கு ஒரு குத்தகைதாரர், ஒரு கங்காணி, ஒரு சிறு செட்டு. ஏட்டில் பெயர் எழுதுவதில்லை. மின்விசையோடு பத்துப் பேர் இருந்தால் தொழிற்சாலை என்ற பழைய வரம்புக்கே பல பாத்திகள் எட்டவில்லை என்று காட்டப்பட்டன. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை இருபதாக உயர்த்திவிட்டது. பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் ஒரே உப்பை ஒரே வெயிலில் நூறு பெண்கள் வாருகிறார்கள். சட்டத்தின் கண்ணுக்கு அங்கே தொழிற்சாலையே இல்லை.

பெயர் ஏட்டில் ஏறினால் என்ன மாறும் என்பதற்கு இதே மாவட்டத்தில் அத்தாட்சி உண்டு. இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருக்கும் தொழிலாளி நோயில் படுத்தால், சந்தா விதிகளை நிறைவு செய்திருந்தால், ஆண்டுக்கு 91 நாள்வரை கூலியில் 70 விழுக்காடு வீட்டுக்கு வருகிறது. தூத்துக்குடியிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. அட்டையுள்ள தொழிலாளி சில நாள் படுத்துத் தேறுவார். அட்டையில்லாத உப்பளப் பெண் காய்ச்சலோடு கூடையைத் தூக்குவாள். இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு அறிவில் இல்லை, ஒரு பதிவேட்டில் இருக்கிறது.

உப்பள உரிமையாளர்கள் தரப்பில் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. அதையும் கேட்க வேண்டும். சிறு குத்தகைதாரருக்கு உப்பு விலை ஏறி இறங்கும். ஒரு மழையில் ஒரு பருவ விளைச்சலே கரைந்து போகும். இவர்களால் கழிப்பறை கட்டிப் பராமரிக்க முடியுமா என்கிறார்கள். சிறியவர்களின் கஷ்டம் உண்மை. அதனால்தான் தனித்தனியாகக் கட்டச் சொல்ல வேண்டியதில்லை. பல பாத்திகளுக்குப் பொதுவாக ஒரு வளாகம் போதும். உப்பின்மேல் வரி விதித்துத் தொழிலாளர் நலனுக்கும் செலவிடலாம் என்று 1953-இலேயே உப்பு வரிச் சட்டம் வழி காட்டியது. பிறகு அந்த வரியை நீக்கிவிட்டார்கள். கிலோவுக்குச் சில காசு சேர்ந்தால் இந்தக் கரை முழுவதும் தண்ணீரும் கழிப்பறையும் வைக்கலாம். அயோடின் கலந்த உப்பை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கி, கோடிக்கணக்கான குழந்தைகளின் கழுத்துக் கழலையையும் மூளை வளர்ச்சிக் குறையையும் தடுத்த நாடு இது. ஊருக்கெல்லாம் ஆரோக்கியம் சுமந்துபோகும் அந்த உப்பை வாருகிறவளின் ஆரோக்கியத்துக்கு அதன் விலையில் இடமில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

விழிப்புணர்வும் சிகிச்சையும் மட்டும் போதும் என்பவர்கள் இரண்டு சம்பவங்களைப் பார்க்கட்டும். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. மாதவிடாய்க்கும் வெள்ளைப்படுதலுக்கும் வைத்தியம் தேடிப் போனார்கள். வேலை நாள் கெடக் கூடாது என்ற நெருக்கடியில் கருப்பையை எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். 2019-இல் அரசு அமைத்த குழு அந்த மாவட்டத்தில் ஏறத்தாழ 82,000 பெண்களிடம் கணக்கெடுத்ததில் 13,000-க்கும் மேற்பட்டோருக்குக் கருப்பை நீக்கப்பட்டிருந்தது. நம் மாநிலத்திலேயே, ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலிக்குப் பெயரில்லாத மாத்திரைகளை வேலையிடத்திலேயே கொடுத்து மெஷினில் உட்கார வைத்ததை 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தி அம்பலப்படுத்தியது. இரண்டு இடத்திலும் பெண்ணுக்கு வைத்தியம் கைக்கெட்டியது. ஓய்வும் விடுப்பும் எட்டவில்லை. உரிமை இல்லாத இடத்தில் மருந்தும் முதலாளிக்கே வேலை செய்யும்.

மாற்றுவழி கற்பனையல்ல. நிகரகுவா நாட்டில் கரும்பு வெட்டும் தொழிலாளர் இளம் வயதிலேயே சிறுநீரகம் கெட்டு இறந்துகொண்டிருந்தார்கள். சான் அந்தோனியோ சர்க்கரை ஆலையில் தண்ணீர், ஓய்வு, நிழல் என்ற மூன்றையும் வேலைமுறையின் பகுதியாக்கினார்கள். குறித்த இடைவெளியில் கட்டாய ஓய்வு, வெட்டும் இடத்துக்கே வரும் நிழற்கூடாரம், உப்பும் சர்க்கரையும் கலந்த நீர். சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. இங்கே நம் சட்டமன்றமும் ஒருமுறை வழி காட்டியிருக்கிறது. ஜவுளிக்கடைப் பெண்கள் நாள் முழுவதும் நின்றே கால் வீங்கினார்கள். உட்காருவதன் நன்மை பற்றி அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. 2021-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, நாற்காலி போட வேண்டும் என்று உரிமையாளருக்குக் கட்டளையிட்டார்கள். நடைமுறையில் குறைகள் இருக்கலாம். ஆனால் பொறுப்பு யாருடையது என்பதில் அந்தச் சட்டம் குழம்பவில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. உப்பளங்களைத் தனித்தனித் துண்டாகப் பார்க்காமல், தொகுதியாக ஒரே வேலையிடம் என்று அரசு அறிவிக்க வேண்டும். தொகுதிக்கு ஒன்றாகப் பெண்களுக்குக் கழிப்பறை, குடிநீர், நிழற்கூரை கட்டி, பராமரிப்புச் செலவை உற்பத்தியோடு இணைக்க வேண்டும். மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் கொடுப்பதற்காக அரசே உப்பளத் தொழிலாளர் பட்டியலைத் தயாரித்திருக்கிறது; யார் தொழிலாளி என்று தெரியவில்லை என்ற சாக்கு இனி எடுபடாது. அதே பட்டியலை வைத்து அவர்களை இ.எஸ்.ஐ.க்குள் கொண்டுவர வேண்டும், அதுவரை நோய்நாள் கூலியை நலவாரியம் தர வேண்டும். உப்பளக் கிராமங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பருவ மாதங்களில் மாலை ஓ.பி. வேண்டும். கர்ப்பம் உறுதியான நாள் முதல் வெயில் வேலைக்குப் பதில் ஈட்டுத்தொகை வேண்டும். ஆலைத் தொழிலாளருக்காகத் தொடங்கிய தொழிலாளரைத் தேடி மருத்துவம் பாத்திக் கரைக்கும் வர வேண்டும். வெப்பத்தால் வரும் சிறுநீரக நோயைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இதே தூத்துக்குடியில் 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வ.உ.சி.யின் துணையோடு வேலையை நிறுத்தி, கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள், பெற்றார்கள். அன்று அவர்களின் களைப்புக்குக் காரணம் அறியாமை என்று வ.உ.சி. சொல்லவில்லை. வேலை நேரமும் கூலியும்தான் காரணம் என்று சொன்னார். நூறாண்டு தாண்டி நாம் அதைவிடப் பின்னால் போய்விடக் கூடாது.

இனி எந்த மேடையிலாவது உப்பளப் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று யாராவது சொன்னால், அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்தப் பெண் வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை எங்கே இருக்கிறது? நோயில் படுத்தால் அவள் கூலியை யார் தருவார்கள்? அவள் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், விழிப்புணர்வு வகுப்பை அவருக்கும் அவர் சார்ந்த துறைக்கும்தான் முதலில் நடத்த வேண்டும்.